ஸ்லூஸ் என்ற சொல்லுக்குள் நான் இருந்த காலம்

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். பெற்றது மூன்று. மற்ற இரண்டும் என் தங்கச்சியுடையவை; அவள் இளவயதில் மௌத்தானபோது என் இடுப்புக்கு வந்தவை. ஐந்து பேரும் நல்லாயிருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். இரண்டு பேர் கட்டாரில், ஒருவன் கொழும்பில், ஒருத்தி அக்கரைப்பற்றில். கடைசி மகள் மட்டும் இதே வளவில், கலியாணத்துக்கு நான் கொடுத்த கல்வீட்டில் இருக்கிறாள். வளவின் பின்பக்கத்து ஓரறை வீட்டில் நான் இருக்கிறேன். மகள் பாடசாலையில் படிப்பிக்கிறாள். காலையில் அவள் வீட்டுக் கதவைப் பூட்டுகிற சத்தம் கேட்டால், மத்தியானத்து லுஹர் பாங்கு வரைக்கும் எனக்கு வேறு மனிதச் சத்தம் இல்லை.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது பேத்தி பர்ஹானா. எனக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும். குர்ஆன் ஓதுவேன். தமிழ் எழுத்து வராது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை என்று முதலில் எழுதச் சொன்னேன். பிறகு அதை வெட்டச் சொன்னேன். வெட்கம் இருந்தது. அந்த வெட்கம் செய்த வேலையைப் பற்றித்தான் கடைசியில் சொல்லப்போகிறேன்.

எங்கள் கரையோரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பத்துமூன்று வருடம் லேபராக வேலை செய்தேன். போன மாதம் கால் புண்ணுக்கு மருந்து கட்ட அங்கே போனபோது, கட்டி முடிந்த பிறகும் என் கால் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பெண்கள் வார்ட்டின் நீட்டு விறாந்தையால் நடந்து, கடைசிக் கதவுக்குப் போனேன். கதவு புதிது. உள்ளே ஒரு மெஷின். பெட்பானை வைத்துக் கதவைச் சாத்தி ஒரு பொத்தானை அமத்தினால், அதுவே ஊற்றி, அதுவே கழுவி, அதுவே சூடு காட்டி நிறுத்திவிடுகிறது. கையுறை போட்ட ஒரு சின்னப் பிள்ளை என்னைத் தடுத்தாள்.

"உம்மா, அங்கால போகாதீங்க. ஊத்தையான இடம்."

"மகள், நீங்க பொறக்க முந்தி அந்த ஊத்தைக்கு நான்தான் ராணி" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு உள்ளே போய் வார்ட்டுக்குப் பொறுப்பான மிஸ்ஸியைக் கூட்டிவந்தாள். எங்கள் பக்கத்தில் நேர்ஸை மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். அந்த மிஸ்ஸி என்னை இருத்திப் பிளேன்டீ தந்தார். ஆஸ்பத்திரிக்கு ஒரு மலர் போடுகிறார்களாம். "அந்தக் காலத்தில எப்படி வேலை செஞ்சீங்க என்டு எழுதித் தாங்க உம்மா. எங்கட புள்ளைகள் வாசிக்கட்டும்" என்றார்.

ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஓம் சொல்வது எனக்கு எப்போதும் இலேசு.

வேலையில் சேர்ந்த முதல் நாள் ஓவசியர் ஒரு தாளைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் இடம் பிரித்தார். ஒருத்திக்கு சமையலறை, ஒருத்திக்கு கிளினிக். என்னைப் பார்த்து, "ஆசியா உம்மா, ஸ்லூஸ்" என்றார். நான் கேட்கவில்லை. மற்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையிலேயே அது நல்ல இடமில்லை என்று விளங்கியது.

அந்த அறையில் ஆள் இறங்கி நிற்கக்கூடிய அளவில் ஒரு பெரிய வெள்ளைப் பீங்கான் தொட்டி. அதன் தலைக்கு மேல் தண்ணீர்ப் பெட்டி. பெட்டியிலிருந்து ஒரு சங்கிலி தொங்கும். வார்ட்டில் எழும்ப ஏலாத நோயாளிகளின் மலசலம், வாந்தி, இரத்தம் எல்லாம் மூடிய பெட்பானில் என்னிடம் வரும். தொட்டியில் ஊற்றிச் சங்கிலியை இழுத்தால் தண்ணீர் இரைந்துகொண்டு இறங்கும். பின்னால் ஒரு சின்ன யன்னல். அதற்கு அப்பால் தாழங்காடு, அதற்கு அப்பால் கடல்; தொட்டித் தண்ணீர் போய்ச் சேர்வதும் அங்கேதான். நான் சங்கிலியை விட்ட பிறகும் இரைச்சல் நிற்காது. கடல் இரைந்துகொண்டே இருக்கும். காலை ஏழு மணிக்குப் போனால் பின்னேரம் வரைக்கும் எனக்கு அந்த இரண்டு சத்தமும்தான் துணை. பானைக் கொண்டுவந்து வைப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வைத்துவிட்டு ஓடுவார்கள்.

வீட்டுக்குப் போய் அவரிடம் சொன்னேன். என் பிள்ளைகளின் வாப்பா நீர்ப்பாசனப் பகுதியில் வேலை செய்தவர். வாய்க்காலுக்குத் தண்ணீர் விடுகிற துருசுக் கதவைத் திறப்பதும் பூட்டுவதும் அவருடைய வேலை. "எங்கட எஞ்சினியர் ஐயா துருசுக்கு இங்கிலீசில சொல்றதும் ஸ்லூஸ்தான்" என்றார். பிறகு சிரித்தார். "நான் வயலுக்குத் தொறக்குறன், நீ ஆஸ்பத்திரிக்குத் தொறக்குறாய். ஒரே உத்தியோகம்."

என் வேலையை உத்தியோகம் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.

ஒரு நாள் என்னை அந்தத் துருசுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். இரும்புச் சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றினார். கீழே தண்ணீர் திமிறிக்கொண்டு வெளியே வந்தது. "பார்த்தியா, தொறக்க ஒரு கை போதும். போன தண்ணியத் திருப்பிக் கூப்பிட ஒரு ஊரே சேர்ந்தாலும் ஏலா. அதுதான் தொறக்க முந்தி ரெண்டு தரம் யோசிக்கச் சொல்லி எங்களுக்குச் சட்டம்" என்றார். வேலை அலுப்பில் அந்த மனுஷன் கதைத்த கதை. அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

ஊரில் பேர் பரவியது. கலியாண வீடுகளில் மாவு குழைக்க உட்கார்ந்தால், "ராத்தா, நீங்க ஆறுதலா அந்தப் பாயில இரிங்களேன்" என்று அக்கா முறையில் கூப்பிட்டு மரியாதையாக எழுப்பிவிடுவார்கள். என் மச்சி ஒருத்தி மட்டும் நேரே சொன்னாள்: "ஆசியாட கையால சாப்பாடு வேணாங்கா. அந்தக் கை எங்கெங்க போய் வந்த கை?" அதற்குப் பிறகு நான் எந்த வீட்டுப் பின்பக்கக் கோடிக்குள்ளும் மாவு குழைக்கப் போகவில்லை. அழைத்தால் போவேன், முன்விறாந்தையில் இருப்பேன், ஓதி முடிய எழும்பி வருவேன். எனக்கும் ரோசம் இருக்கிறது.

பெரிய மிஸ்ஸியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரைதீவுப் பெண். கட்டையான ஆள். நெஞ்சில் தலைகீழாகக் குத்திய மணிக்கூடு. சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை. கோபம் வந்தால் பேனாவின் பின்பக்கத்தால் இரும்புக் கட்டிலில் ஒரு தட்டுத் தட்டுவார், அவ்வளவுதான். அந்த ஆஸ்பத்திரியில் மூக்கைப் பொத்தாமல் என் அறைக்குள் வந்தவர் அவர் மட்டும். வந்து, பானின் மூடியைத் திறந்து, எனக்கு முன்னால் பிடித்து, ஒரே கேள்வி கேட்பார்.

"என்னத்தக் கண்டாய்?"

"ரெத்தம், மிஸ்ஸி."

"என்ன ரெத்தம்?"

"கறுப்பு ரெத்தம்."

"எவ்வளவு?"

"ஒரு சிரட்டை அளவு."

"கட்டி இரிக்கா?"

"ரெண்டு இரிக்கி."

"அதச் சொல்லு. 'ரெத்தம்' என்டு வெறுமனே சொன்னால் எனக்கு ஒண்டும் தெரியாது. கண்டதச் சொல்லு. காணாததச் சொல்லாத. பார்க்காம ஊத்தாத."

இந்த மூன்றுதான் அவருடைய சட்டம். கண்டதைச் சொல், காணாததைச் சொல்லாதே, பார்க்காமல் ஊற்றாதே. நான் சொன்ன நிறத்தையும் அளவையும் வைத்து அவர் டொக்டரைக் கூப்பிட்டு இரண்டு பெண்களுடைய உயிர் தப்பியது. அதில் ஒருத்தி இன்றைக்கும் சந்தையில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். என்னைப் பார்த்தால் அவளுக்குப் பான் ஞாபகம் வருகிறது போலிருக்கிறது.

என்னிடம் வருகிற பானெல்லாம் ஒன்றல்ல. சிலதை உடனே ஊற்றலாம். சிலதை அளந்துவிட்டு ஊற்ற வேண்டும். சிலதை டொக்டர் பார்க்கும் வரை வைத்திருக்க வேண்டும். எனக்கு முன்னிருந்தவளுக்குத் துண்டுக் காகிதத்தில் எழுதி வைப்பார்களாம். முதல் கிழமையே என் தடுமாற்றத்தைப் பெரிய மிஸ்ஸி கண்டுகொண்டார். அடுத்த நாள் வார்ட்டில் எல்லாரையும் கூப்பிட்டு, "ஈரக் கையில காகிதம் நிக்காது. இனிமேல் பானை மூடுற துணியில முடிச்சுப் போடுங்க. முடிச்சில்லாட்டி ஊத்திறது. ஒரு முடிச்செண்டால் அளக்கிறது. ரெண்டு முடிச்செண்டால் வெச்சிரிக்கிறது" என்றார். எனக்காகத்தான் அந்தச் சட்டம் என்று ஒருவருக்கும் தெரியாது. அவருக்கும் எனக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு நாளும் கதைக்கவில்லை.

பதினேழு வருடம் அந்த முடிச்சில் ஒரு பிழை வரவில்லை.

ஒரு தடவை, தொட்டியைத் தேய்த்துக்கொண்டு நின்றபோது, "மிஸ்ஸி, இந்த அறைக்கு ஏன் துருசுட பேரு?" என்று கேட்டேன். மத்தியானம் அவர் ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். ஈரமில்லாத ஒரு மூலையில் நின்று, விரலை வைத்து வாசித்துச் சொன்னார். தண்ணீரை மறித்து வைக்கிற கதவும் ஸ்லூஸ்தான், அந்தக் கதவால் பாய்கிற தண்ணீரும் ஸ்லூஸ்தான், நிறையத் தண்ணீரை ஒரேயடியாக விட்டு அலசுவதும் ஸ்லூஸ்தான். "இந்த ஒரு சொல்லுக்குக் கால் பக்கம் எழுதியிரிக்கான், ஆசியா" என்றார். பிறகு கடைசி வரிக்கு வந்தார். "ஆதியில ஒரு பழைய பாசையில இதுக்கு 'வெளிய வெச்சு அடைச்சது' என்டு கருத்தாம்."

நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"புத்தகம் எழுதினவன் இஞ்ச வந்து பார்த்திட்டுத்தான் எழுதியிரிக்கான்" என்றேன்.

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பெரிய மிஸ்ஸி ஓய்வு பெற்றுப் போனார். புதிதாக வந்தவர் தூரத்து ஊர்ப் பிள்ளை. கெட்டிக்காரி, நல்ல மனம். துணியில் முடிச்சுப் போடுவதைக் கண்டு ஆச்சரியப்பட்டார். "இதென்ன பட்டிக்காட்டு வேலை? முடிச்சு அவிழ்ந்தா என்ன செய்யிறது?" என்றார். நூல் கட்டிய மட்டைத் துண்டுகள் கொண்டுவந்தார். அதில் நோயாளியின் பேரையும் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதிப் பானின் கைபிடியில் கட்டுவது. எல்லாரையும் நிறுத்தி விளக்கினார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "விளங்கினதா ஆசியா உம்மா?" என்று கேட்டார்.

வார்ட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். எனக்கு நாற்பத்தைந்து வயது. வளர்த்த பிள்ளைகளில் ஒருத்தி அந்த வருடம்தான் ஏ.எல். பாஸ் பண்ணியிருந்தாள்.

"ஓம், மிஸ்ஸி" என்றேன்.

இல்லை என்று சொல்லியிருந்தால் அவர் சிரித்திருக்க மாட்டார். ஒரு வழி செய்து தந்திருப்பார். அது எனக்கு இப்போது தெரிகிறது.

நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். அவருடைய மேசையில் இரண்டு பேனா இருந்தன. ஊற்ற வேண்டியதற்கு நீலத்தால் எழுதினார். வைத்திருக்க வேண்டியதற்குச் சிவப்பால் எழுதினார். அளக்க வேண்டியதில் அடியில் கோடு போடுவார். அவர் சட்டமென்று சொன்னதில் நிறம் இல்லை. அது அவருடைய கைப்பழக்கம். அந்தப் பழக்கத்தை நான் சட்டமாக எடுத்துக்கொண்டேன். எட்டு மாதம் ஒரு குறையும் வரவில்லை. அதனால் எனக்குள் ஒரு பெருமையும் வந்தது. வாசிக்கத் தெரிந்தவள் போல மட்டையைத் தூக்கிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு ஊற்றுவேன்.

அப்போதுதான் றகுமத்தும்மா வார்ட்டுக்கு வந்தாள். வரிப்பத்தான்சேனையில் வயல் செய்கிற குடும்பம். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். மூத்த இரண்டும் ஆண் பிள்ளைகள். மூன்றாவது வயிற்றில் நாலு மாதம், இரத்தம் காட்டியிருந்தது. அசையாமல் படுக்கச் சொல்லியிருந்தார்கள். அதனால் அவளுடைய பானை எடுக்க நான் ஒரு நாளைக்கு ஆறேழு தரம் போவேன். முதல் நாளே என் கையைப் பிடித்து, "ராத்தா, கொஞ்சம் இரிங்களேன்" என்றாள். அந்தக் கையை அப்படிப் பிடித்து எவ்வளவு காலம்!

எங்களில், வயிற்றுப் பிள்ளைக்கு நூற்றிருபது நாளில் ரூஹ் என்கிற உயிர் ஊதப்படுகிறது என்று நம்பிக்கை. அவள் விரல் மடிப்பில் எண்ணிக்கொண்டிருந்தாள். "இண்டைக்கு நூற்றியிருபத்தொண்டு, ராத்தா. இனி இது வெறும் ரெத்தமில்ல. ஆள்" என்றாள். அதற்குப் பிறகு தவறினால் கழுவி, கபன் துணி சுற்றி, மையவாடியில் அடக்க வேண்டும். அதையும் சொன்னாள். "அப்பிடி ஏதும் நடந்தாலும் நீங்கதான் கழுவ வேணும், ஓமா?"

"வாயக் கழுவுகா" என்றேன். "நீ பெத்துப் பேர் வெக்கத்தான் போறாய்."

வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்கு முன் அது தவறியது. புதிய மிஸ்ஸி அதை ஒரு மூடிச் சட்டியில் வைத்து, மட்டை எழுதிக் கட்டி, என் அறை மேசையில் மற்றப் பான்களோடு வைத்துவிட்டு அவளைப் பார்க்க ஓடினார். அவளுக்கு இரத்தம் நிற்கவில்லை. ஆண் லேபர்மார் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார்கள். சமையலறைக்கும் நான், விறாந்தைக்கும் நான், ஸ்லூஸுக்கும் நான். நான் உள்ளே வந்தபோது மேசையில் ஐந்தாறு ஏனங்கள். அவளுக்குத் தவறியதை எனக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை.

ஒவ்வொன்றாக மட்டையைத் தூக்கிப் பார்த்தேன். நீலம். நீலம். நீலம். எல்லாம் நீலம். மூடியைக் கொஞ்சம் நீக்கினேன், இரத்தம் தெரிந்தது. பெரிய மிஸ்ஸியாக இருந்தால், "என்ன ரெத்தம்?" என்று கேட்டிருப்பார். கேட்க ஆளில்லை. ஊற்றினேன்.

ஊற்றும்போது கையிலிருந்து ஒரு பாரம் நழுவியது. தண்ணீர் நழுவுவது வேறு விதம். அது எனக்குப் பழகிய கை, அதற்குத் தெரியும். ஆனால் மற்றக் கை பழக்கத்தில் சங்கிலியை இழுத்துவிட்டது.

முழங்கை வரைக்கும் தொட்டிக்குள் விட்டுத் தேடினேன். தண்ணீர் இரைந்து முடிந்தது. பிறகு கடல் இரைந்தது.

மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். விறாந்தையில் புதிய மிஸ்ஸி யாரிடமோ சொல்லிக்கொண்டு போவது கேட்டது: "சிவப்புப் பேனை காலையிலேயே முடிஞ்சு போச்சு, ஒண்டு எடுத்துத் தாங்க."

பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் அவளுடைய மாப்பிள்ளை, பிள்ளையின் வாப்பா, வந்தார். சேற்றுக் காலைக் கழுவி, ஜும்மா முடித்துவிட்டு, வெள்ளைச் சாறத்தோடு. கையில் புதுத் துணி, அரைக் கெசம். புதிய மிஸ்ஸி அந்தத் துணியை என்னிடம் கொண்டுவந்தார். "உங்கட ஆக்கள்ற முறை உங்களுக்குத்தானே தெரியும், ஆசியா உம்மா. நீங்களே செய்து குடுத்திடுங்க. அது இரிக்குத்தானே?"

"ஓம்" என்றேன்.

வேலை போய்விடும் என்று பயந்தேன் என்று சொல்லலாம். அது பொய். அந்தக் காலத்தில் நிரந்தர லேபரை இலேசில் நிறுத்த மாட்டார்கள். "மட்டையை வாசிக்கவில்லையா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத்தான் பயந்தேன்.

கதவைச் சாத்தினேன். பஞ்சை எடுத்து நனைத்து உருட்டினேன். என் உள்ளங்கை நீளம். அதற்கு மேல் மெல்லிய துணி சுற்றி, அதற்கு மேல் அவர் கொண்டுவந்த வெள்ளைத் துணி. தலைமாட்டில் ஒரு முடிச்சு, கால்மாட்டில் ஒரு முடிச்சு. இரண்டு முடிச்சு. என் பழைய கணக்கில் அதற்கு, வைத்திரு என்று கருத்து.

அவர் இரண்டு கையாலும் வாங்கினார். "கழுவினீங்களா ராத்தா?" என்று கேட்டார்.

"ஓம்."

கட்டிலுக்குக் கொண்டுபோய் அவளிடம் காட்டினார். அவிழ்க்க வேண்டாம், மிகவும் சின்னது, மனம் தாங்காது என்று நான்தான் சொன்னேன். அவள் வெளிறிப்போய்க் கிடந்தாள். துணியைக் கொஞ்சினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"பொண்ணா, ராத்தா?"

அவள் முகத்தில் ஒரு ஆசை இருந்தது. எங்கள் பக்கத்தில் ஆண் பிள்ளைகள் கலியாணம் முடித்தால் பெண் வீட்டுக்குப் போய்விடுவார்கள். தாயோடு கடைசி வரைக்கும் இருப்பது மகள்தான். வீடும் அவளுக்குத்தான். ஆண்பிள்ளை பெற்றவள் பெண்பிள்ளைக்கு ஏங்குகிற ஊர் இது.

"ஓம் மகள்" என்றேன். "பொண்ணு."

"மர்யம்" என்றாள். அந்த நிமிடமே பேர் வைத்துவிட்டாள். அஸருக்குப் பிறகு அதை வரிப்பத்தான்சேனை மையவாடியில் அடக்கினார்கள்.

அடுத்த அறுவடை முடிய அவள் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் புது அரிசி ஒரு பை, ஒரு சட்டித் தயிர். "என்ட புள்ளயக் கழுவின கை. முதல் அரிசி உங்களுக்குத்தான்" என்றாள். அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவறவில்லை. முப்பத்தொரு வருடம். பிறகு அவளுக்கு இன்னும் இரண்டு பிள்ளைகள் பிறந்தன. அவையும் ஆண்.

வந்தால் வாசலிலிருந்தே சத்தம் போடுவாள். "என்னகா ஆசியா ராத்தா, இன்னம் மௌத்தாகல்லியா?"

"நீ அரிசி கொண்டு வாறது நிக்கட்டும். அதுக்குப் பொறகு யோசிப்பம்" என்பேன்.

என் அடுப்படியில் வந்து குந்துவாள். நான் பிசைந்த சோற்றை என் கையால் வாங்கிச் சாப்பிடுவாள். இந்த ஊரில் எந்தப் பெண்ணும் அப்படிச் சாப்பிட்டதில்லை. சாப்பிட்டுவிட்டு மர்யத்தைப் பற்றிக் கதைப்பாள். "இப்ப இருந்தா அவக்குக் கலியாணம் பேசிற வயசு." "இப்ப இருந்தா அவட புள்ள பள்ளிக்குடம் போகும்." போன வருடம் வந்தபோது சொன்னாள்: "நாலு ஆம்புளப் புள்ளைகளையும் அவங்கட பொண்டாட்டிமார்ற வீட்டுக்குக் குடுத்திட்டன், ராத்தா. எனக்கென்டு மிச்சம் அந்த ஒருத்திதான். அவ எங்கயும் போகமாட்டா."

நான் எழும்பிப்போய்க் குடத்துத் தண்ணீரில் கை கழுவினேன். கை சுத்தமாகத்தான் இருந்தது.

ஒருவருக்கு மட்டும் சொன்னேன். ஓய்வு பெற்ற வருடம் காரைதீவுக்குப் போய்ப் பெரிய மிஸ்ஸியைக் கண்டேன். கண் மங்கி, சாய்கதிரையில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். முடித்த பிறகு கேட்டார்.

"பொண்ணு என்டு சொன்னியே. கண்டியா?"

"இல்ல மிஸ்ஸி."

கதிரைக் கையில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். பேனா இல்லை, விரல்தான். "ஊத்தினது கைப்பிழை, ஆசியா. கை பிழைக்கும். காணாததச் சொன்னது கைப்பிழை இல்ல."

பிறகு மகளைக் கூப்பிட்டு எனக்குத் தேத்தண்ணி போடச் சொன்னார். மன்னிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. அடுத்த வருடம் அவர் போய்விட்டார். என் பிள்ளைகளின் வாப்பாவும் போனார். அவருக்குக் கடைசி வரைக்கும் நான் சொல்லவில்லை. துருசுக் கதவில் அவர் சொன்ன கதையை நினைத்தால் அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல ஏலாமல் போனது.

மலருக்கு என்று இதைத் தொடங்கியபோது, முடிச்சுக் கதையோடு நிறுத்திவிடத்தான் நினைத்தேன். பர்ஹானா தன் போனில் அந்தச் சொல்லைத் தேடி, பெரிய மிஸ்ஸியின் புத்தகத்தில் இருந்ததெல்லாம் இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. அதோடு இன்னும் ஒன்று இருந்தது. தங்கம் தேடுகிறவர்கள் ஆற்று மண்ணைக் கொட்டித் தண்ணீர் விட்டு அலசுகிற நீட்டுப் பெட்டிக்கும் ஸ்லூஸ் என்று பேராம். அடியில் குறுக்குச் சட்டங்கள் அடித்திருக்குமாம்.

"மண்ணெல்லாம் தண்ணியோட போயிருமாம் உம்மம்மா. பாரமானது மட்டும் அடியில தங்குமாம்" என்று வாசித்தாள்.

"எவ்வளவு தண்ணி விட்டாலும்?"

"எவ்வளவு விட்டாலும்."

அன்றைக்கு அவளைப் போகச் சொன்னேன். அடுத்த நாள் கூப்பிட்டு, மிச்சத்தைச் சொன்னேன். எழுதிக்கொண்டு வந்தவள் அந்த வெள்ளிக்கிழமை வந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டாள். "இத மலருக்குக் குடுக்கிறதா உம்மம்மா?" என்று கேட்டாள்.

"மலருக்கு முந்தி அவக்கு."

"அதுக்குப் பொறகு அவங்க வரமாட்டாங்க."

"தெரியும்."

"உங்களப் பார்க்க வாறது அவங்க மட்டும்தானே."

"அதும் தெரியும். எழுது."

அவளுடைய மகளை அவளிடமிருந்து எடுக்க எனக்கு என்ன உரிமை என்றும் யோசித்தேன். முப்பத்தொரு வருடம் அந்த யோசனைக்குப் பின்னால்தான் ஒளிந்திருந்தேன். நான் போன பிறகும் அவள் அந்தப் பஞ்சுக்கு துஆ கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் பிள்ளை கடலுக்குப் போனது. துஆ அங்கேயும் சேரும், அல்லாஹ்வுக்கு இடம் தெரியும். ஆனால் எங்கே பார்த்துக் கேட்க வேண்டும் என்று தாய்க்குத் தெரிய வேண்டும். அது அவளுடையது. நான் வைத்திருக்கக் கூடாது.

மகாபோக நெல்வெட்டு முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவளும் என்னைப் போல எழுத்துத் தெரியாதவள். என் வாயால் சொன்னால் நடுவில் எங்கேயாவது என் நாக்கு நல்லதாக ஒன்றைச் சேர்த்துவிடும்; அந்த நாக்கை எனக்குத் தெரியும். அதனால் பர்ஹானாதான் வாசிக்க வேண்டும். சாப்பிட முன் வாசிக்க வேண்டும். என் கையால் சாப்பிட வைத்துவிட்டு வாசிப்பது நியாயமில்லை.

இப்போது எனக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டு, பர்ஹானா. முதலிலிருந்து. அவள் காதுக்கு இது எப்படி விழும் என்று நான் கேட்க வேண்டும். சிவப்புப் பேனா வருகிற இடத்தில் ஓடாதே. பொண்ணு என்று நான் சொன்ன இடத்தில் குரலைத் தாழ்த்தாதே. வாசித்து முடிய, விளங்கினதா என்று என்னிடம் கேள். விளங்காவிட்டால், இல்லை என்று சொல்லுவேன்.